பின்னால் வரும் மான்

முதல் மான் தாண்டியதும் அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

ஆரன் அடிக்கவில்லை. அடித்தால் மிரண்டு வண்டி மேலேயே பாயும்.

பனிமூட்டத்துக்காகப் போட்டிருந்த விளக்கைத் தாழ்த்தினான். கண் கூசினால் நடுரோட்டிலேயே நின்றுவிடும்.

ஸ்டீரிங்கை மட்டும் அசைக்கவில்லை. நேராகப் பிடித்து, நேராகவே பிரேக்கை மிதித்தான். பின்னால் ஒன்பது டன் முட்டைக்கோஸ். மானைப் பார்த்து ஒடித்தால் மூட்டையெல்லாம் ஒரு பக்கம் சாயும். அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

லாரி நின்றது.

இடது சீட்டில் இருந்த துளசிமணி மூச்சு விட்டாள்.

"அதான் போயிருச்சுங்களேண்ணா. எடுக்கலாமுங்களே?"

"ஒண்ணு போனா பின்னாலயே வரும் அம்மிணி. செத்த இரு."

வந்தது. அதன் பின்னால் நான்கு. அதற்கும் பின்னால், உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து, கால் தரையில் பாவாத ஒரு குட்டி.

எல்லாம் போகட்டும் என்று இருந்தான்.

அவள் மானைப் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சென்னியப்பனின் மனைவி. பதினோரு மாதத்துக்கு முன்புவரை இதே ரோட்டில் சென்னியப்பனும் அவனும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். தாளவாடியில் தாய்வீட்டுக்கு வந்தவள், திரும்பும்போது அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள். சென்னியப்பன் செத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ் அங்கே நிற்காது.

இரவில் மூடும் ஆசனூர் காட்டு கேட்டைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வரிசையில் நின்று டீ குடித்தபோதுதான் பின்வண்டிக்காரன் கேட்டான்.

"யாரு, மான் சென்னியோட சம்சாரமா?"

"ஆமா. மானுக்கு வழியுட்டுட்டு மரத்துல போயி மோதுன மகராசன்." இன்னொருவன் சொல்லிச் சிரித்தான்.

அவள் காதிலும் விழுந்தது. டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மாதமாகவே பேசவில்லை.

அந்தப் புளியமரத்தடியில் நிறுத்தினான். பட்டை உரிந்த இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தாள். அழவில்லை. ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலைக்கு மேலே விரலைக் கொம்பாக வைத்துக் காட்டுகிறார்களாம். போன வாரம் சுவரிலிருந்த அப்பா படத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாளாம்.

"அப்பாவுக்கு வண்டியோட்டத் தெரியாதாம்மான்னு கேக்கறாளுங்கண்ணா. நான் என்னத்தச் சொல்ல?"

அப்போதுதான் மான் குறுக்கே வந்தது.

இப்போது கடைசிக் குட்டியும் காட்டுக்குள் போய்விட்டது.

"இப்படி நிறுத்தோணும்னு அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"உங்களாட்டப் பொறுமை இருந்துச்சுங்களா?"

"என்னையவிட இருந்துச்சு."

"அப்புறம் ஏனுங்கண்ணா ஒடிச்சாரு?"

எஞ்சின் உறுமிக்கொண்டு கிடந்தது.

ஒரு டிரைவரை இடது சீட்டில் உட்காரவைத்தால் கை கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவான். அவனும் அப்படித்தான். சென்னியப்பன் சிரிப்பான். "அங்க பிரேக்கு இல்லடா. செருப்புத் தேஞ்சா நானா வாங்கித் தருவேன்? பேசாமத் தூங்கு."

அன்றைக்கு இடது சீட்டில் தூங்கித்தான் இருந்தான்.

"அவன் ஒடிக்கல அம்மிணி."

அவள் திரும்பினாள்.

"மொத மானு போயிருச்சு. அடுத்தது வரும்னு அவன் வேகத்தக் கொறச்சு நேராத்தான் புடிச்சிருந்தான். வண்டி நின்னிருக்கும். நாந்தான் முழிச்சேன். முழிச்சா கண்ணாடி பூராவும் மானு. கை போயிருச்சு. ஸ்டீரிங்க அவன் பக்கமாத் தள்ளிப்போட்டேன்."

 

போலீஸ் கேட்டபோது சொல்லவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டியபோது சொல்லவில்லை. மானுக்கு ஒடித்துவிட்டான் என்று ஊரே பேசியபோது, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

துளசிமணி தான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தாள். அங்கிருந்து ஸ்டீரிங்கைப் பார்த்தாள்.

வலது கையை மெல்ல நீட்டினாள்.

எட்டியது. எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டாள்.

பின்னால் நின்ற வண்டிகள் ஆரன் அடிக்கத் தொடங்கின. அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பாப்பா ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூடம் கெளம்பிருவா. அதுக்குள்ள ஊட்டுக்குப் போயிரோணும்."

கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்களும் உள்ள வாங்க. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

ஆரன் சத்தம் காட்டை இரண்டாகக் கிழித்தது.

முன்னால் ரோட்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவன் வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.