வாசலில் போட்ட நாற்காலிகள்

“இன்னிக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலையே,” என்றார் பாஸ்டர், வாசல் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி.

“அழுதாங்களே,” என்றாள் மனைவி.

அதுதான் அவருக்கும் புரியவில்லை.

இந்தத் தூர தேசத்துக்கு இருவரும் மிஷனரிகளாக வந்து ஒரு வாரம் ஆகிறது. கூட்டத்துக்கு ஆள் வருமா என்ற பயத்தோடுதான் வந்தார்கள். தலைமைச் சபையில் சொல்லி அனுப்பியபடி தெருக்கதவை விரியத் திறந்து வைத்தார்கள். வாடகை நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டார்கள். வேதாகமப் படங்களைக் காட்டுவதற்காக, முன்னறையின் பெரிய நிலைக்கண்ணாடிமேல் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான். எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர் கடை ரேடியோவை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தெருவே வந்தது.

வந்தவர்கள் யாரும் முகமன் சொல்லவில்லை. பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களோடு நேரே அடுப்படிக்குப் போனார்கள். பாஸ்டரம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனால் தீப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். தன் சமையலின் புகழ் தனக்கு முன்னாலேயே கப்பலேறி வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் கணவனிடம் சொன்னாள்.

பாஸ்டர் கற்றுக்கொண்டு வந்த பாஷை அரைகுறைதான். ஆனாலும் அவர் பரலோகத்தைப் பற்றிப் பேசியபோது பின்வரிசை வரை விசும்பல் கேட்டது. இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று, ஊரில் சபையையே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த கழுதைக் கதையை எடுத்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சொல்லாமல் எழுந்து போனார்கள். வெள்ளைப் புடவையில், அவர்கள் சபை வழக்கப்படி பொட்டு நகை இல்லாமல், பாஸ்டரம்மா வழியனுப்ப வாசலுக்கு வந்தால் நடையை எட்டிப் போட்டார்கள். மறுநாள் மாலை ஒருவர் குறையாமல் திரும்பி வந்தார்கள்.

தலைமைப் போதகர் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஞானஸ்நானத்துக்கு யாராவது ஆயத்தமா? யாரும் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று பாஸ்டர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு குடும்பமாவது வாய்விட்டுப் பேசியாக வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள் என்று போதகர் முடித்துவிட்டார்.

“வேற எந்தக் காட்டுக்கு அனுப்பினாலும் வர்றேங்க,” என்றாள் மனைவி. “ஊர்ல அந்த வீட்டுக்கு மட்டும் என்னால திரும்ப முடியாது.”

பாஸ்டர் அடுக்கிய நாற்காலிகளைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

சனிக்கிழமை காலை தெருமுனைத் தையல்காரம்மா வந்தாள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவள். வந்ததும் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசினாள். பாஸ்டரின் நாட்டில் ஒரு தையல் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவளாம். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று பாஸ்டர் திகைத்துப்போய்க் கேட்டார்.

“பேசக் கூடாதுங்க ஐயா. ஒரு வாரம் வரைக்கும் யாரும் எதுவும் கேக்கக் கூடாது. பக்கத்துல உக்காந்திருக்கணும், சமைச்சுப் போடணும், அவ்வளவுதான். இன்னிக்கு ஒரு வாரம் ஆயிடுச்சு. பொம்பளைங்க யாராவது ஒருத்தர் வந்து கேக்கணும். பாஷை தெரியுங்கிறதால என்னை அனுப்பினாங்க.”

“என்ன கேக்கணும்?”

“யாருங்க இறந்தது?”

பாஸ்டருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. தையல்காரம்மா விளக்கினாள். இங்கே கதவைத் திறந்துபோட்டு, வாசலில் நாற்காலி போட்டு, கண்ணாடியைத் துணியால் மூடினால் அது சாவு வீடு. வீட்டுப் பெண் வேறு வெள்ளை கட்டியிருக்கிறாள். துக்க வீட்டை ஒரு வருஷத்துக்கு இந்தத் தெரு தனியாக விடாது. யார் போனது என்று தெரிந்துவிட்டால் இனி அந்தப் பெயரைச் சொல்லியே எல்லோரும் பேசுவார்கள்.

ஒரு வாரத்து விசும்பல், ரொட்டிக்கடைக்காரரின் தோள்தட்டல், எல்லாம் ஒரே நொடியில் தலைகீழாயின. உண்மையைச் சொன்னால் இன்று மாலை ஒரு நாற்காலியும் நிரம்பாது. நாளை கிளம்ப வேண்டியதுதான். ஆனால் ஒரு பொய்யின்மேல் சபை கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

“மன்னிச்சுக்கங்கம்மா. இது ஜெபக்கூட்டம். எங்க வீட்ல யாரும் சாகலை.”

“பொய் சொல்லாதீங்க,” என்றாள் மனைவி. பிறகு தையல்காரம்மாவின் கையை விடாமல், “எங்க பொண்ணும்மா, நாலு வயசு, அவளைப் புதைச்ச அன்னிக்கு, ஊழியக்காரர் பெண்டாட்டி அழக் கூடாதுன்னு சொல்லி என்னைப் பாட வச்சாங்க,” என்றாள்.