எண்ணெய் பிறந்த இடம்

“அப்போ இது நம்ம கடல் எண்ணெய் இல்லியா மக்களே?” என்று ஆய்வாளர் வசுமதியிடம் கேட்டாள் பிலோமினாள்.

“இல்லம்மா. ரொம்பத் தூரத்துல, வேறொரு கடலுக்கு அடியில இருக்கிற பாறையில பொறந்தது. ஏதோ கப்பல் கொண்டுவந்து சிந்தியிருக்கு.”

வசுமதி மேசைமேல் கிடந்த சட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். கடலுக்குப் போன பிலோமினாளின் மகன் திரும்பவில்லை. கச்சா எண்ணெய் தார்போல் அப்பிய அவன் சட்டை மட்டும் கரையொதுங்கியது. அவன் மூழ்கிய இடத்தை அந்த எண்ணெய் சொல்லும் என்று நம்பி, பிலோமினாள் அதைத் துவைக்காமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். வசுமதி எண்ணெயைக் கரைத்தெடுத்து, பல பாறைகளின் எண்ணெயோடு ஒப்பிட்டாள். எத்தனை யுகமானாலும், எத்தனை கடல் தாண்டினாலும், தன்னைப் பெற்ற பாறையின் அடையாளத்தை எண்ணெய் விடுவதில்லை.

பிலோமினாள் சட்டையை எடுத்து முகர்ந்தாள். கரைப்பானில் ஊறி வெளுத்த துணியில் எந்த மணமும் மிச்சமில்லை. அவள் கோபப்படவில்லை. கடைசிப் பொத்தான் வரை பூட்டி, காலரை நீவி மடித்தாள்.

“அது பொறந்த இடத்தைச் சொல்லிட்டிய. எம்பிள்ள பொறந்த இடம் எனக்கே தெரியும். அவன் போன இடத்தை மட்டும் இதுகிட்ட கேட்டுச் சொல்லுங்க மக்களே.”