தாழ்ந்த வாசல்

மலைச்சரிவில் நின்ற அந்தக் கல்வீட்டுக்கு வாசல் ரொம்பத் தாழ்வு. குளிர்காற்று உள்ளே புகாமலிருக்க அப்படிக் கட்டியிருந்தார்கள். வாசலின் மேல் படுத்திருந்த நீளக்கல்லுக்கு அது தெரியாது. குனிந்து நுழைகிற ஒவ்வொருவரும் தன்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து, "நல்லா இரு" என்று வாழ்த்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். பின்சுவர் சரிந்தது. மழைக்கு ஒதுங்கும் ஆடுகள்கூட அந்த இடிந்த பக்கமாகவே வந்துபோயின.

"கும்பிட ஒருத்தரும் வரலியே" என்றது கல்.

"தலை இடிக்கும்னு குனிஞ்சாங்க பெரியவரே, உங்களைக் கும்பிடவா செஞ்சாங்க?" என்று சிரித்துவிட்டது சுவரில் குடியிருந்த பல்லி.

அதோடு கல் பேச்சை நிறுத்திக்கொண்டது.

கோடையில் ஆடுகளும் வரவில்லை. பல்லி கத்தினால் அதன் சத்தமே சுவர்களில் பட்டு அதனிடம் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் பல்லி கீழே இறங்கி, இடிந்த பக்கமாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தது. தலையைத் தரையோடு தாழ்த்தி உள்ளே நுழைந்தது.



"உனக்குத்தான் இடிக்காதே?" என்றது கல்.

"இடிக்காது" என்றது பல்லி.