பலகைக்கும் தீக்கும் நடுவே

ஆறு வயது மகள் குளிர்காய்ச்சலில் நடுங்கி நடுங்கியே போய்ச் சேர்ந்தாள். அவள் படத்தை வைக்க, தீ மூட்டும் கணப்புக்கு மேலே சுவரில் ஒரு பலகை அடிக்கச் சொல்லித் தச்சரை அழைத்தார் அப்பா.

"கொஞ்சம் கீழ அடிங்களேன். அவளுக்குக் குளிர் ஆகாது," என்றாள் அம்மா.

"தீக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு அடியாவது வேணும்மா. இல்லைன்னா பத்திக்கும்." தச்சர் அளந்து, பன்னிரண்டு அங்குலம் விட்டு அடித்தார்.

இரண்டு வாரத்தில் பலகையின் அடிப்பக்கம் பழுப்பேறியது. தச்சர் மறுபடி வந்து அளந்தார். ஒன்பது அங்குலம்தான் இருந்தது. திருகாணிகள் அசையவில்லை, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. தன் கைதான் தவறிவிட்டது என்று எண்ணி, மேலே ஏற்றி அடித்துவிட்டுப் போனார். மறுவாரம் ஏழு அங்குலம்.

"கழட்டிடுறேன் சார். வீடே எரிஞ்சிடும்," என்றார்.

"பலகை இருக்கட்டும். நாங்க தீ மூட்டலை," என்றார் அப்பா.

கணப்பு அணைந்த மூன்றாம் நாள் அப்பா அளந்தபோது இரண்டு அங்குலம் இருந்தது.

அம்மா படத்தைக் கையில் எடுத்தாள். "பிள்ளையை இவ்வளவு தள்ளி வெச்சிட்டோமேங்க," என்று அழுதாள். அன்று படுக்கையில் படத்தைத் தங்களுக்கு நடுவில் கிடத்தி, மூவரையும் சேர்த்துப் போர்த்தினாள்.

விடிந்தபோது குளிர் தாங்காமல் இருவரும் விழித்தார்கள். அவர்கள் மேல் போர்வை இல்லை. அது படத்தைச் சுற்றி இறுகச் சுருண்டிருந்தது. அப்பா அதை இழுக்கக் கை நீட்டினார்.

"விடுங்க," என்றாள் அம்மா. "இப்பதான் தூங்குறா."