நாற்பது டிகிரி

அந்த ஆலையில் வெப்பமானிகளைக் கழற்றி மூன்று வருடமாகிறது. கழிவுச் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் அழுத்தம் ஏற்றிய கொதிநீரில் கரைக்கிற தொட்டி அங்கே இருந்தது. உள்ளே என்ன சரக்கு போகிறதென்று சொன்னால் போதும், எவ்வளவு சூடு கிளம்பும் என்பதைக் கணினியே மதிப்பிட்டுவிடும். அளந்து பார்ப்பது வீண்வேலையாம்.

நேற்று அந்தத் தொட்டியின் மூடியைத் தொட்ட அருள்ராஜுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து வந்துவிட்டது. அவனுக்கு விடுப்புக் கேட்டு அவன் மனைவி எஸ்தர் மேனேஜரிடம் வந்தாள். அவளுக்கும் அங்கேதான் வேலை. மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை.

"மூடி நாப்பது டிகிரிதான்னு கணக்கு சொல்லுதும்மா. நாப்பதுல கை எப்படி வேகும்? வீட்ல எங்கயாவது சுட்டுக்கிட்டிருப்பாரு."

எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள்.

"நாப்பதுதானே? கைய வைங்க சார்."

சுற்றிலும் வேலை நின்றது. மேனேஜர் சிரித்து மழுப்பப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

எஸ்தர் கைக்குட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நாப்பது டிகிரிக்குக் கைக்குட்டை எதுக்கு சார்?"