ஒரே பெயரில் இரண்டு குட்டை

ஐந்து புள்ளி இரண்டு.

ஒன்று புள்ளி ஒன்பது.

மறுபடியும் ஐந்து புள்ளி இரண்டு.

போனில் எண் குதித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இறால் குட்டைத் தண்ணீரின் ஆக்சிஜன் இப்படிக் கூத்தடிக்காது. மூன்றுக்குக் கீழே இறங்கினால் இறால் தாங்காது.

மதியமே வானம் இருட்டிவிட்டது. கரண்ட் போய் ஒரு மணி நேரம். அவளுக்கு ஒரு குட்டை, ஓரகத்தி இளவரசிக்கு ஒரு குட்டை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் விசிறியை ஓட்ட இருவருக்கும் ஜெனரேட்டர் வண்டி ஒன்றுதான். எந்தக் குட்டையில் எண் குறைகிறதோ, வண்டி அந்தக் கரைக்குப் போக வேண்டும். அப்படித்தான் பேச்சு.

எண் தெளியட்டும் என்று வண்டியைத் தன் கரையிலேயே ஓடவிட்டிருந்தாள்.

சென்சாரைக் கழுவினாள். அதன் எண்ணை அனுப்பும், பேட்டரியில் ஓடும் சின்ன போர்டை அணைத்துப் போட்டாள்.

குதிப்பு நிற்கவில்லை.

போர்டு அனுப்பும் எண்ணை இணையத்தில் வாங்கிவைக்கும் கிளவுட்டின் பதிவேட்டைத் திறந்தாள். இணைந்தது. துண்டித்தது. இணைந்தது. துண்டித்தது. வரிக்கு வரி ஒரே பெயர்.

அப்போதுதான் உறைத்தது.

முதல் போர்டை கிளவுட்டோடு பேசவைக்க நான்கு நாள் மல்லுக்கட்டியவள் அவள். இன்று காலை இளவரசியின் குட்டைக்கு இன்னொன்று வைக்கும்போது, மறுபடியும் அந்தத் தலைவலி எதற்கென்று, மெமரி கார்டை அப்படியே நகலெடுத்துச் செருகிவிட்டாள். கார்டோடு முதல் போர்டின் பெயரும் போயிருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேரை கிளவுட் ஏற்காது. ஒன்று உள்ளே வந்தால் மற்றதைத் தள்ளிவிடுகிறது. ஒரு உறையில் இரண்டு கத்தி.

அப்படியானால் இரண்டு எண்ணும் நிஜம்.

ஒரு குட்டை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. எது?

தன் போர்டின் வயரைப் பிடுங்கினாள்.

குதிப்பு நின்றது.

ஒன்று புள்ளி எட்டு.

நம்முடையது இல்லை, அப்பாடா என்றது மனசு. அடுத்த நொடியே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வண்டியை அந்தக் கரைக்குத் தள்ளச் சொல்லி ஆட்களை விரட்டிவிட்டு, போன் போட்டாள்.

"இளவரசி, குறையறது உங்க குட்டையிலதான். வண்டி வருது."

"எப்பக்கா பாத்தீங்க?"

"இப்பத்தான்."

உண்மைதான். ஒன்று புள்ளி ஒன்பதைப் பார்த்த பிறகும் வண்டியைத் தன் கரையிலேயே வைத்திருந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.