மேட்டுக்களத்துப் பச்சைப் புள்ளி

"மேட்டுக்களத்துக்குத்தான் வண்டி வருதேம்மா!" என்றார் நூலக அலுவலர் சூசைமாணிக்கம்.

அன்புக்கரசிக்கு ஒன்றும் ஓடவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் கால் கடுக்க நின்று, பஸ் மாறி, திண்டுக்கல்லில் இந்த மாடி அலுவலகத்தைத் தேடிப் பிடித்து ஏறி வந்ததே, நடமாடும் நூலக வண்டி இன்னும் ஏன் தன் ஊருக்கு வரவில்லை என்று கேட்கத்தான்.

"எங்க சார் வருது?"

மனிதர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். யார் வேண்டுமானாலும் இடம் குறிக்கலாம், பெயர் எழுதலாம் என்று இன்டர்நெட்டில் இருக்கிறதே, அந்த வரைபடம். நூலக வண்டி நிற்கிற ஊர்களில் எல்லாம் பச்சைப் புள்ளி. தாடிக்கொம்பில் ஒன்று. செம்பட்டியில் ஒன்று. மேட்டுக்களத்து ரேஷன் கடைப் பக்கம், வேப்பமரத்தடியில் ஒன்று.

அந்தப் புள்ளியை அவளுக்குத் தெரியாதா! இடம் சொன்னதே அவள்தானே.

வைத்தவன் ரொனால்டு. பக்கத்தில் தோமையார்பட்டிக்காரன், டவுனில் நெட் சென்டர் நடத்துகிறான். வண்டி நிற்கும் இடங்களை வரைபடத்தில் ஏற்றுகிறேன் என்று பைக்கில் ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டிருந்தான். மேட்டுக்களத்துக்கு வந்தபோது, மொட்டை வெயிலில் கூடவே நடந்து தெருப் பெயர், கோயில், கிணறு என்று ஒன்று விடாமல் சொன்னவள் அன்புக்கரசி. வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறும் போட்டாள். வெஞ்சனம் நல்லாருக்குக்கா என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எங்கள் ஊருக்கு வண்டியே வருவதில்லை தம்பி என்று அவள் புலம்பியதும் அப்போதுதான்.

"மனு எழுதிப் போடுங்கக்கா. அதுக்குள்ள ஒங்க ஊருக்கும் ஒரு புள்ளி வச்சுர்றேன். படத்துல ஏறிட்டா, வராம எங்க போயிரும்?"

கூடப் பிறந்தவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாவது முடித்த கையோடு கழுத்தை நீட்டியவள். டவுன் நூலகத்துக்குப் போய்வர அரை நாள் ஆகும். வந்த பிறகு மாமியார் மூஞ்சியைச் சரிக்கட்ட ஒரு வாரம் ஆகும். வண்டி வந்தால்தான் அவளுக்குப் புத்தகம்.

அவன் சொன்னபடி மனுவும் எழுதிப் போட்டாள். புள்ளி வைத்ததும் தெருப் பெண்களை நெட் சென்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கம்ப்யூட்டரிலேயே ஏறிவிட்டது, இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும் என்றார்கள் அவர்கள். வண்டி அந்தப் பக்கம் வருகிற செவ்வாய்க்கிழமையன்று மரத்தடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டாயிற்று. வண்டி வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அதற்கடுத்த வாரம், "என்ன அன்பு, ஒன் வண்டி பஞ்சரா?" என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள். தெருவே சிரித்தது.

"இது வரணும்னு வச்ச புள்ளி சார். வண்டி வந்ததே இல்ல" என்றாள் அன்புக்கரசி.

சூசைமாணிக்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் வேலைக்கு வந்தே ஒரு மாதம்தான். முன்பு இருந்தவர் எதையும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட, இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பிழைப்பு ஓடுகிறதாம்.

"போன வாரமே வந்திருக்கக் கூடாதாம்மா? இந்த வருசம் புதுசா ஒரே ஒரு ஊருக்குத்தான் வண்டி விட முடியும். தோமையார்பட்டிக்குக் குடுத்து, நோட்டீசும் அடிச்சாச்சே."

பாவி மனுசி, அப்போதும் அவளுக்கு மனசு கெடவில்லை. போகட்டும், தம்பி ஊருக்காவது கிடைத்ததே என்றுதான் நினைத்தாள்.

"ரெண்டு ஊரு மனுவும் இந்த மேசையிலதான் கெடந்துச்சு. ஒங்க ஊருதான் பெருசுன்னு அதுக்கே எழுதப் போனேன். ரொனால்டு தம்பிதான், ‘அவங்களுக்கு ஏற்கெனவே வருதே சார்’னு இதத் தொறந்து காட்டுச்சு. வெவரம் தெரியாமச் சொல்லிருச்சு போல."

விவரம் தெரியாமலா! வண்டியே வருவதில்லை என்று அவள் புலம்பியதை உட்கார்ந்து கேட்டவனுக்கா விவரம் தெரியாது?

புள்ளி வைக்கும்போதே இதை நினைத்துத்தான் வைத்தானா, வைத்த பிறகுதான் புத்தி இப்படிப் போயிற்றா? எப்படியானால் என்ன. வேறு எவனாவது வண்டியைத் தட்டிப் பறித்திருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் அல்லவா செய்துவிட்டான்! இந்த இடத்தில் அழக் கூடாது என்று அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்தாள்.

சூசைமாணிக்கத்துக்கு அவள் முகம் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா. செவ்வாக்கெழமை தோமையார்பட்டி விழாவுக்கு அவசியம் வந்துருங்க. நோட்டீசுல ஒங்க பேரத்தான் போட்டிருக்கு. எங்கக்காதான் ரிப்பன் வெட்டணும்னு தம்பி ஒத்தக் கால்ல நின்னுருச்சு."

அன்புக்கரசி எழுந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"கட்டாயம் வாரேன் சார். எங்க ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வாரேன். தம்பிகிட்டச் சொல்லிருங்க."

அவருக்கு வாயெல்லாம் பல். நாற்காலி இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார்.